சமப்படுத்திய மணல்மேட்டை மீண்டும் எழுப்ப முடியுமா? கல்சுவர் வருவதற்கு முன் ஒரு கேள்வி

கரையோரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடற்கரையில் ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் மணல்மேடு இருந்தது. அதன் மேல் அடம்பங்கொடி படர்ந்து கிடக்கும். கடல் தெரியவில்லை, நடக்க இடமில்லை என்று சொல்லிப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் எந்திரம் விட்டுச் சமப்படுத்தினார்கள். அன்றைக்கு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது இரண்டு புயல் பருவங்களாக அலை நேரே சாலைக்கு வருகிறது. அடுத்த வருடம் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

நாங்கள் முப்பது பேர் வார இறுதியில் உடலுழைப்புக்குத் தயார். மேட்டைத் திரும்ப எழுப்ப முடியுமா? கடல் மட்டம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் அது நிற்குமா? கூட்டத்தில் பேச எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். இயற்கை நல்லது என்று மட்டும் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். செய்து பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

தாழைமடல்

முடியும். நாங்கள் ஒரு முறை தோற்றோம், ஒரு முறை ஜெயித்தோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வாருங்கள். ஓதம் (கடல் நீரேற்றம்) தொடும் கடைசிக் கோட்டிலிருந்து சாலை விளிம்பு வரை காய்ந்த மணல் எத்தனை மீட்டர்?

ஏன் கேட்கிறேன் என்றால், மேட்டைக் கட்டுவது காற்று. ஈர மணலைக் காற்றால் எளிதில் தூக்க முடியாது. காய்ந்த மணல் பரப்பு அகலமாக இருந்தால்தான் துகள்கள் தரையோடு தரையாகத் துள்ளித் துள்ளி உள்ளே வரும். வழியில் ஒரு செடியோ, கரை ஒதுங்கிய பாசிக் குவியலோ, ஒரு கட்டையோ இருந்தால் அதன் பின்னால் காற்றின் வேகம் குறையும், மணல் அங்கே விழும். முதலில் ஒரு சாண் திட்டு. அதில் கொடி ஏறும். கொடி இன்னும் மணலைப் பிடிக்கும். மணல் மூட மூடச் செடி மேலே வளரும். இந்த இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டுத்தான் மேடு எழுகிறது. ஐரோப்பியக் கரைகளில் இருக்கும் மராம் புல்லை வருடத்துக்கு ஒரு மீட்டர் மணல் மூடினாலும் அது மேலே வந்துவிடும். மணல் மூடாமல் விட்டால்தான் அது நலிந்துபோகும்.

நம் அடம்பும் அந்த வேலைக்கென்றே பிறந்த கொடி. நெய்தல் பாட்டுகளில் அடும்பு என்று வருவது இதுதான். இலை மான் குளம்பு போலப் பிளந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர் விட்டுக் கடலைப் பார்த்து ஓடும்.

பாறைக்கரை

நான் கரைப் பாதுகாப்புக் கட்டுமானத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். கல்சுவர் என்றாலே கெட்டது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை, அதற்கு ஒரு உதாரணம் தருகிறேன்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையைத் தாக்கியது. அங்கே மான்டலோக்கிங், பே ஹெட் என்று இரண்டு சிற்றூர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மான்டலோக்கிங்கில் கடலோர வீடுகளில் பாதிக்கு மேல் சேதமடைந்தன அல்லது அழிந்தன. பே ஹெட்டில் அழிந்தது ஒரே வீடு. இரண்டுக்கும் கடற்கரை ஒன்று, புயலும் ஒன்று. வித்தியாசம் என்னவென்றால் பே ஹெட்டின் மணல்மேட்டுக்கு அடியில் 1882இல் கட்டிய ஒரு கல்சுவர் புதைந்து கிடந்தது. ஒன்றே கால் கிலோமீட்டர் நீளம். அப்படி ஒன்று இருப்பதையே பலர் மறந்துவிட்டார்கள். மேல் மணலை அலை வாரிக்கொண்டு போனதும் சுவர் வெளியே தெரிந்தது. அதுதான் அலையின் வேகத்தை உடைத்தது.

அதனால் மணல் மட்டும் போதும் என்று கூட்டத்தில் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். பின்னால் ஒரு பொறியாளர் எழுந்து இதைச் சொல்வார்.

தாழைமடல்

ஐயா, நல்ல உதாரணம். ஆனால் அந்தச் சுவர் நூறு வருடத்துக்கு மேல் எங்கே இருந்தது? மணலுக்குள்ளே. தினசரி அலை அதைத் தொடவே இல்லை. அலையடியில் நிற்கும் சுவர் செய்வது வேறு. மோதிய அலை திரும்பும்போது அடிவார மணலை அரித்துக்கொண்டு போகும். சுவருக்கு முன்னால் இருந்த கடற்கரை சில வருடங்களில் மெலிந்து காணாமல் போகும். சுவர் முடியும் இடத்தில் பக்கத்துக் கரை பள்ளமாகும். அவர்கள் தங்களுக்கும் சுவர் கேட்பார்கள். கரையோரனுடைய ஊரில் இப்போது பேசுவது புதைந்த சுவரையா, அலையடியில் நிற்கும் சுவரையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாறைக்கரை

அதை ஒப்புக்கொள்கிறேன். அடிவார அரிப்பும் முனை அரிப்பும் உண்மை. அதைச் சமாளிக்க ஆழமாக அஸ்திவாரம் போடுவோம், ஆனால் முன்னாலிருக்கும் கடற்கரையை அது காப்பாற்றாது. சுவர் காப்பது பின்னாலிருக்கும் சாலையை மட்டும்தான். கரையோரன், நீங்கள் காக்க நினைப்பது சாலையா, கடற்கரையா என்பதை உங்கள் ஆட்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் வேலை வேறு.

கரையோரன்

அளந்துவிட்டேன். 400 மீட்டர் நீளத்தில் பெரும்பாலான இடத்தில் காய்ந்த மணல் 30 முதல் 35 மீட்டர் இருக்கிறது. தெற்கு மூலையில் ஒரு 80 மீட்டர் நீளத்துக்கு மட்டும் 12 மீட்டர்தான். வண்டி நிறுத்தும் இடம் அங்கே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. அலை முதலில் ஏறுவதும் அங்கேதான்.

பேசுவது அலையடிச் சுவரைத்தான். கேட்டுவிட்டேன்.

எங்களுக்கு வேண்டியது கடற்கரை. சாலையும் வேண்டும். ஆனால் கடற்கரை இல்லாத கடலோரச் சாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வலைக்காரன்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிறது. நீங்கள் பேசுவதைப் படித்தேன். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

புயலில் மேடு கரைந்தால் எல்லாம் போயிற்று என்று கரையில் இருப்பவர்கள் அழுவார்கள். அந்த மணல் எங்கே போகிறது என்று படகில் போகிறவனுக்குத் தெரியும். கொஞ்ச தூரத்திலேயே கடலுக்குள் திட்டாகப் படுத்துக்கொள்ளும். அடுத்த அலை அந்தத் திட்டின் மேல் உடையும், கரைக்கு வரும்போது பலம் குறைந்துவிடும். கடல் அமைதியான மாதங்களில் அதே மணலை அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையில் தள்ளும். காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். இதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். மேடு இருந்தால்தான் கடலுக்குக் கொடுக்க மணல் இருக்கும். கொடுக்க மணல் இல்லாத கரையில் கடல் மண்ணை எடுக்கும், வீட்டை எடுக்கும்.

அப்புறம் எங்கள் கவலை. நீங்கள் 400 மீட்டரும் வேலி போட்டால் படகை எங்கே ஏற்றுவது? வலையை எங்கே விரிப்பது? மரம் நட வருகிறவர்கள், பூங்கா போட வருகிறவர்கள் எல்லோரும் காலி இடம் என்றுதான் நினைக்கிறார்கள். அது காலி இடம் இல்லை. எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கரையோரன்

அண்ணா, நீங்கள் சொன்னது சரி. எங்கள் முதல் வரைபடத்தில் படகு ஏற்றும் இடமே இல்லை. அது எங்கள் தவறு. வரும் ஞாயிறு படகுக்காரர்களோடு உட்காருகிறோம்.

தாழைமடல்

வலைக்காரன் அண்ணன் சொன்ன மணல் போக்குவரத்துதான் முழு விஷயமும். இதை முதலில் புரிந்துகொள்ளாததால்தான் நாங்கள் தோற்றோம். இப்போது அந்தக் கதை.

முதல் வருடம் 600 நாற்று நட்டோம். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், நல்ல கூட்டம். நட்டது கோடைத் தொடக்கத்தில். வேலியைக் கடலுக்கு மிக அருகில் போட்டோம், மணல் அங்கேதானே இருக்கிறது என்று. ஒரு மாதத்தில் பாதி நாற்று காய்ந்தது. மீதியை நடந்து போகிறவர்கள் மிதித்தார்கள். மழைப் பருவத்தின் முதல் பெரிய ஓதத்தில் வேலி ஒரே இரவில் போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது மூங்கில் முளைகள் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தன. அழுகை வந்துவிட்டது.

இரண்டாவது முறை எதையும் நடவில்லை. வெறும் முளைக்குச்சியும் கயிறும். மேடு வர வேண்டிய பட்டையில் யாரும் நடக்க வேண்டாம் என்று பலகை வைத்தோம். கடற்கரையைத் தினமும் எந்திரத்தால் வாரிச் சுத்தம் செய்வதை அந்தப் பட்டையில் மட்டும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினோம். பிளாஸ்டிக்கை மட்டும் கையால் பொறுக்கினோம். கரை ஒதுங்கிய பாசி, சருகு, விதை எதையும் தொடவில்லை. மூன்று மாதத்தில் அந்தப் பாசிக் குவியல்களைச் சுற்றி முழங்கால் உயரத் திட்டுகள். தானாக வந்த விதையிலிருந்து அடம்பு முளைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் சுள்ளிப் படல் வைத்தோம், ஓதக் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி. மழை தொடங்கியதும் கணுவோடு வெட்டிய கொடித் துண்டுகளை ஊன்றினோம். விதை போடுவதென்றால் அடம்பு விதையின் மேல்தோலைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் நெடுநாள் அப்படியே கிடக்கும்.

கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையிலும் இதேதான் செய்தார்கள் என்று பிறகுதான் படித்தேன். பல பத்தாண்டுகளாக எந்திரத்தால் வாரித் தட்டையாக்கிய நகரக் கடற்கரை அது. 2016 டிசம்பரில் ஏறத்தாழ 3 ஏக்கரை மட்டும் தாழ்வான வேலியால் பிரித்து, வாருவதை நிறுத்தி, அந்த மண்ணுக்குரிய செடிகளின் விதையைத் தூவினார்கள். சில வருடங்களில் ஒரு மீட்டர் அளவுக்கு மேடு வந்தது. 2017 வசந்தத்திலேயே உப்புக்கொத்தி இனப் பறவை ஒன்று அங்கே முட்டையிட்டது. அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 70 ஆண்டுகளில் அதுதான் முதல் கூடு. உங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். எந்திரம் விட்டுச் சமப்படுத்திய கரை என்பதால் உங்களுக்கு ரொம்பப் பொருந்தும்.

படல் பற்றி இரண்டு வார்த்தை. அடைத்துக் கட்டாதீர்கள். பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கட்டும். முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறிச் சுழன்று அடிமணலைப் பறிக்கும். இடுப்பு உயரம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் போதும். மணல் நிரம்பியதும் அதன் மேலேயே அடுத்த படல். பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் லைதம் செயின்ட் ஆன்ஸ் கரையில் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு வீசப்படும் மரங்களை வரிசையாக மணலில் புதைத்து மேடு வளர்க்கிறார்கள். மக்கிப்போகும் எதுவும் சரி.

ஆமைவிழி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நேர்கோட்டில் நீளமாக வேலி போட்டுவிடாதீர்கள்! முட்டையிட வரும் ஆமை அதில் முட்டித் திரும்பிப் போய்விடும். ஃப்ளோரிடாவில் இதற்கென்று முறை வைத்திருக்கிறார்கள். 3 மீட்டர் நீளத் துண்டுகள், சாய்வாக நிற்க வேண்டும், துண்டுக்குத் துண்டு குறைந்தது 2 மீட்டர் இடைவெளி. மணலும் சேரும், ஆமையும் போகும்.

இன்னொன்று. சவுக்கு நடச் சொல்லி யாராவது வருவார்கள். காற்றைத் தடுக்கும் என்பது சரி. ஆனால் மேட்டின் மேல் சவுக்கு வந்தால் சருகு மூடிக் கீழே வேறு எதுவும் முளைக்காது. ஃப்ளோரிடாவில் அது வெளியிலிருந்து வந்து பரவிய மரம். வேர் மேலோட்டமாக ஓடுவதால் புயலில் சாய்கிறது, ஆமை குழி தோண்டவும் தடையாக இருக்கிறது. அங்கே இப்போது அதை அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். புல்லிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. ஐரோப்பிய மராம் புல்லை 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சான் பிரான்சிஸ்கோவில் மணலை அடக்கக் கொண்டுவந்து நட்டார்கள். அது அமெரிக்காவின் மேற்குக் கரை முழுக்கப் பரவி அங்கே இருந்த செடிகளை விரட்டியது. உங்கள் கரையில் முன்பு என்ன இருந்ததோ அதையே திரும்ப வையுங்கள். அடம்பு, இராவணன் மீசை. மேட்டின் பின்புறத்துக்குத் தாழை.

பாறைக்கரை

வேர் மணலை இறுக்கிப் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய அலை நேராக மோதும்போது அந்தப் பிடி அவ்வளவாக உதவாது. செடியின் உண்மையான பயன் அமைதிக் காலத்தில் மணலைச் சேர்த்து வைப்பது. இதைச் சரியாகச் சொன்னால் முதல் புயலில் மேட்டின் முகப்பு செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும்போது யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. அது நடக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடல்பார்த்தவீடு

நான் மாறான கருத்துச் சொல்லப் போகிறேன், கோபப்படாதீர்கள். என் வீடு முதல் வரிசையில் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டியது. காலையில் எழுந்தால் கடல் தெரிய வேண்டும் என்பதற்காகவே கட்டியது. எதிரே இரண்டு ஆள் உயரம் மேடு வந்தால் எனக்கு நஷ்டம்தானே? அதை யாரும் பேசுவதே இல்லை.

பாறைக்கரை

நியாயமான கேள்வி. நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. நியூ ஜெர்சியில் ஹார்வி சீடார்ஸ் என்ற ஊரில் 22 அடி மேடு அமைக்க ஒரு வீட்டாரின் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். காட்சி மறைந்ததற்காக நடுவர் குழு 3,75,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேடு மறைத்ததை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது, அதே மேடு அந்த வீட்டுக்குக் கொடுத்த பாதுகாப்பையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்றது. கடைசியில் அந்த வழக்கு 1 டாலருக்குச் சமரசம் ஆனது. இடையில் சாண்டி புயல் வந்து போயிருந்தது.

கடல்பார்த்தவீடு

இது எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன். மேட்டின் உயரத்தை முடிவு செய்யும்போது எங்களையும் கூப்பிடுவீர்களா?

கரையோரன்

கட்டாயம் கூப்பிடுவோம்.

நன்னீர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிணற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேட்டில் விழும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதன் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் மணல்மேட்டு நீரைக் குடித்து வருகிறது. கடல் ஏறும் காலத்தில் கரையோரக் கிணறு உப்பாகாமல் இருக்கவும் மேடு வேண்டும்.

பாறைக்கரை

இப்போது கரையோரனின் கடினமான கேள்விக்கு வருகிறேன். கடல் ஏறினால் மேடு நிற்குமா?

1901க்கும் 2018க்கும் இடையில் உலக சராசரிக் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறியது. அதில் 2006க்கும் 2018க்கும் இடையில் வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். நூற்றாண்டின் இறுதிக்குள், பசுமைக்குடில் வாயு உமிழ்வைப் பொறுத்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. மணற்கரை எவ்வளவு பின்வாங்கும் என்பதற்கு 1962இல் பெர் புரூன் என்ற கடற்கரைப் பொறியாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார். தோராயமாக ஏற்றத்தைப் போல 50 முதல் 100 மடங்கு. அதாவது 20 சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 மீட்டர். இந்தச் சூத்திரத்தைக் குறை சொல்பவர்கள் நிறைய. 2020இல் உலகின் மணற்கரைகளில் பாதி இந்த நூற்றாண்டில் மறையலாம் என்று ஒரு ஆய்வு வந்தது. அதே வருடம் வேறு சில விஞ்ஞானிகள் மறுத்து எழுதினார்கள். பின்னால் இடம் இருந்தால் கடற்கரை அழியாது, நிலத்தை நோக்கி நகர்ந்துகொள்ளும் என்பது அவர்கள் வாதம்.

அந்த மறுப்பில்தான் உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது. மேடு ஒரே இடத்தில் நிற்காது, நிற்கவும் கூடாது. முன்முகத்தில் அரிபட்டு, மணல் பின்னால் விழுந்து, மொத்தமாகப் பின்னுக்கு நகரும். பின்னால் சாலையும் சுவரும் இருந்தால் நகர வழியில்லை. கடலுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் நசுங்கும். உங்கள் 12 மீட்டர் மூலையில் நடக்கப் போவது இதுதான். அங்கே எத்தனை நாற்று நட்டாலும் பலனில்லை. என் அனுபவத்தில் சொல்கிறேன், வண்டி நிறுத்துமிடத்தைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். கல் கொட்டும் செலவைவிட அது குறைவாகக்கூட இருக்கலாம், மதிப்பீடு கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. உங்கள் கரைக்கு மணல் எங்கிருந்து வருகிறது? மேல்பக்கத்தில் துறைமுக அலைதடுப்பு இருக்கிறதா, ஆற்றில் அணை இருக்கிறதா? வரத்து நின்றுபோன கரையில் மேடும் தேயும், சுவரும் விழும். நெதர்லாந்து இதை நேர்மையாக ஏற்றுக்கொண்டது. 1990இல் இருந்த கரைக்கோட்டை இழப்பதில்லை என்று முடிவெடுத்து, கடலடியிலிருந்து மணலை எடுத்து வருடத்துக்கு ஏறத்தாழ 1.2 கோடி கன மீட்டர் வரை கொட்டி வந்திருக்கிறார்கள். 2011இல் டெல்ஃப்லாண்ட் கரையில் 2.15 கோடி கன மீட்டரை ஒரே இடத்தில் கொட்டி, அலையும் காற்றுமே பரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 1953 வெள்ளத்தில் 1,836 பேரைப் பறிகொடுத்த நாடு மணலை நம்பி இதைச் செய்கிறது. கூட்டத்தில் நான் இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தாழைமடல்

ஐயா, நன்றி. முதல் பதிவில் சுவருக்காகப் பேசியவரா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

நகர விட வேண்டும் என்பதற்கு ஒன்று சேர்க்கிறேன். அதே நெதர்லாந்தில், தெற்கு கென்னெமர்லாந்து தேசியப் பூங்காவில், கடலோர மேட்டு வரிசையில் வேண்டுமென்றே ஐந்து வெட்டுகள் வெட்டி, மணல் உள்ளே பறந்து போக வழி விட்டார்கள். அளவுக்கு மீறிக் கட்டிப்போட்ட மேடு செத்துப்போகிறது என்று தெரிந்த பிறகு செய்தது. ஆனால் இதையும் இடம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். டென்மார்க்கின் ஸ்காகன் பகுதியில் மேய்ச்சலும் மரவெட்டும் மணலை அவிழ்த்துவிட, ஒரு தேவாலயமே புதைந்து 1795இல் மூடப்பட்டது. இன்றும் கோபுரம் மட்டும் வெளியே நிற்கிறது. மிதிபாடு ஒரு பாதையைத் திறந்தால் காற்று அதைப் பள்ளமாக்கிவிடும். அதனால் கடலுக்கு இறங்கும் வழிகளை மரப்பாலமாக மேலே தூக்கிப் போடுங்கள், காற்றடிக்கும் திசைக்கு நேராக இல்லாமல் சற்றுக் கோணலாக.

கரையோரன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு படகுக்காரர்களோடும் முதல் வரிசை வீட்டார் நான்கு பேரோடும் உட்கார்ந்தோம். இதுவரை முடிவானது இது. நடுவில் 60 மீட்டர் படகுக்கும் வலைக்கும், அங்கே வேலி கிடையாது. மீதி அகலமான பகுதியில் இந்தப் பருவத்துக்குக் கயிறும் பலகையும் மட்டும், எந்திரம் வாருவது நிற்கும். மழை தொடங்கும்போது சாய்வான துண்டுப் படல்கள், அடம்புத் துண்டுகள். தெற்கு மூலையில் நாங்கள் எதுவும் நடப் போவதில்லை. வண்டி நிறுத்துமிடத்தைப் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கிறோம். அதற்கு மறுத்தால், அங்கே மட்டும் மணலுக்கு அடியில் புதைத்த சுவர் என்று பேசத் தயார். அலையடிச் சுவருக்கு ஒப்புக்கொள்ள மாட்டோம். மேல்பக்கத்தில் ஒரு அலைதடுப்பு இருக்கிறது. அங்கே தேங்கும் மணலைக் கொண்டுவந்து கொட்ட முடியுமா என்றும் கேட்கிறோம். துகள் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இரண்டு பை மணல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். முதல் முளையை எந்தக் கோட்டிலிருந்து அளந்து அடிப்பது? நான் அளந்தது ஒரு சாதாரண நாளின் ஓதக் கோடு.

வலைக்காரன்

அது போதாது தம்பி. வருகிற பௌர்ணமி ஓதம் வரைக்கும் பொறு. மறுநாள் விடியற்காலையில் நுரையும் பாசியும் எங்கே கோடு போட்டிருக்கிறதோ அங்கே நில். அங்கிருந்து பத்துத் தப்படி உள்ளே வா. நானும் என் மகனும் முளையோடு வருகிறோம்.